ரிட்டுக்சிமாப் ஏறும்போது ஸ்டீராய்டை இறக்குவது எப்படி: என்எம்ஓ நோயாளிக்கும் வீட்டாருக்கும் முழுமையான வழிகாட்டி

கண் நரம்பையும் தண்டுவடத்தையும் பாதிக்கும், என்எம்ஓ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நியூரோமையலைட்டிஸ் ஆப்டிகா தாக்கி, ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் ஸ்டீராய்டு டிரிப் ஏறி, கண்ணோ காலோ கொஞ்சம் தேறி வீடு திரும்புகிறவர் கையில் இரண்டு காகிதங்கள் இருக்கும். ஒன்று, தினமும் காலையில் போட வேண்டிய ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைக்கான சீட்டு. இன்னொன்று, நோய் திரும்பாமல் தடுக்கும் ரிட்டுக்சிமாப் மருந்தை ஏற்றிக்கொள்ள வர வேண்டிய தேதி. இந்த இரண்டையும் தனித்தனி வைத்தியமாக எண்ணுவதில்தான் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன. மாத்திரையை எவ்வளவு வேகமாகக் குறைப்பது என்பதற்கு, இன்றைக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்பது அளவுகோல் அல்ல. ரிட்டுக்சிமாப் எந்தத் தேதியில் ஏறியது, அது எப்போது முழுப் பாதுகாப்புத் தரும், அந்தப் பாதுகாப்பு எப்போது தேயும் என்ற கணக்குத்தான் அளவுகோல். ஆகவே முதல் வேலை, ஒரே காலண்டரில் இரண்டையும் பக்கம் பக்கமாக எழுதி மாட்டுவது.

இதில் வரும் அளவுகள் நரம்பியல் மருத்துவர்கள் வழக்கமாகப் பின்பற்றுபவை. உங்கள் எடை, வயது, சர்க்கரை, முந்தைய தாக்குதல்கள் ஆகியவற்றைப் பார்த்து உங்கள் மருத்துவர் மாற்றி எழுதியிருக்கலாம். அப்போது அவர் எழுதியதுதான் சரி. எதற்காக அப்படி எழுதினார் என்பது புரிய இது உதவும்.

பாலமும் கரையும்

இந்த நோயில் உடலின் எதிர்ப்புச் சக்தியே அக்வாபோரின்-4 என்ற புரதத்துக்கு எதிராக ஓர் எதிர்பொருளை உண்டாக்குகிறது. அந்தப் புரதம் கண் நரம்பு, தண்டுவடம், மூளைத் தண்டின் சில பகுதிகளில் உள்ள துணை செல்களின் மேல் செறிவாக இருக்கிறது. அதனால்தான் பார்வை போவதும், இடுப்புக்குக் கீழ் மரத்துப்போவதும், நிற்காத விக்கலும் வாந்தியும் வருகின்றன. 2004-ல் இந்த எதிர்பொருள் கண்டறியப்பட்ட பிறகே இது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸிலிருந்து (எம்எஸ்) தனி நோய் என்பது உறுதியானது. இந்தப் பிரிவினை முக்கியம். இன்டர்ஃபெரான், நாட்டலிசுமாப், ஃபிங்கோலிமாட் போன்ற எம்எஸ் மருந்துகள் என்எம்ஓ-வை மோசமாக்கக்கூடும்.

ஸ்டீராய்டு, எரிகிற தீயை உடனே அணைக்கும். ரிட்டுக்சிமாப், எதிர்பொருளை உண்டாக்கும் வம்சத்து பி செல்களை சிடி20 என்ற அடையாளத்தைப் பார்த்து ரத்தத்திலிருந்து துடைக்கும். பி செல்கள் சில வாரங்களில் காணாமல் போய்விடும். ஆனால் ஏற்கெனவே உண்டான எதிர்பொருள் ரத்தத்தில் மிதந்துகொண்டுதான் இருக்கும். அதை உண்டாக்கும் பிளாஸ்மா செல்களில் சிடி20 கிடையாது, அவற்றை ரிட்டுக்சிமாப் தொடாது. போதாக்குறைக்கு, ரிட்டுக்சிமாப் ஏறிய முதல் சில வாரங்களிலேயே தாக்குதல் வந்த நோயாளிகளும் உண்டு. பி செல்கள் அழியும்போது சில தூண்டு புரதங்கள் ரத்தத்தில் கூடுவது இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆக, முதல் டோஸ் ஏறிய நாளிலிருந்து குறைந்தது இரண்டு மூன்று மாதம் ஸ்டீராய்டு பாலமாக நின்றாக வேண்டும். அக்கரையில் கால் வைக்கும் முன் பாலத்தைப் பிரிக்கக்கூடாது. கரை ஏறிய பின் பாலத்திலேயே குடியிருக்கவும் கூடாது.

ஜப்பானில் நடந்து 2020-ல் வெளியான ரின்-1 ஆய்வு இந்த முறைக்கு நல்ல ஆதாரம். 19 பேருக்கு ரிட்டுக்சிமாப், 19 பேருக்கு வெற்று மருந்து. இரு தரப்புக்கும் வாய்வழி ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்தார்கள். 72 வாரங்களில் வெற்று மருந்துத் தரப்பில் 7 பேருக்குத் தாக்குதல் வந்தது. ரிட்டுக்சிமாப் தரப்பில் ஒருவருக்கும் வரவில்லை.

ரத்தத்தில் அக்வாபோரின் எதிர்பொருளின் அளவை மாதாமாதம் பார்த்து மாத்திரையைக் குறைக்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. வேண்டாம். அந்த அளவு தாக்குதலை நம்பகமாக முன்னறிவிப்பதில்லை. அந்தப் பணத்தை, ரத்தத்தில் பி செல்கள் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் சிடி19 எண்ணிக்கைக்குச் செலவிடுங்கள்.

ஏற்றும் முன் முடிக்க வேண்டியவை

ஹெபடைட்டிஸ் பி சோதனை இரண்டு: மேலுறைப் புரதம், அதோடு கோர் எதிர்பொருள். முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு ‘மஞ்சள் காமாலை இல்லை’ என்று விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிற பிழை. எப்போதோ வந்து போன கிருமி கல்லீரலில் ஒளிந்திருந்தால், ரிட்டுக்சிமாப் ஏறிய பிறகு விழித்து உயிருக்கே ஆபத்தாகும். கோர் எதிர்பொருள் பாசிட்டிவ் என்றால் என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் தொடங்கி, கடைசி ரிட்டுக்சிமாப்புக்குப் பிறகும் குறைந்தது 12 மாதம் தொடர வேண்டும்.

காசநோய்க்கு மார்பு எக்ஸ்ரேயும், மான்டூ தோல் சோதனை அல்லது இக்ரா ரத்தச் சோதனையும். ஹெபடைட்டிஸ் சி, ஹெச்ஐவி, முழு ரத்த எண்ணிக்கை, கல்லீரல், சிறுநீரகம், இம்யூனோகுளோபுலின் ஜி அளவு, தொடக்க சிடி19. பிளாஸ்மா மாற்று (இயந்திரம் வைத்து ரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றுவது) செய்திருந்தால் அது முழுதும் முடிந்த பிறகே ரிட்டுக்சிமாப். முன்பே ஏற்றினால் கொடுத்த மருந்தையே இயந்திரம் வெளியே எடுத்துவிடும்.

நம் பக்கத்துக்கென்று ஒன்று சேர்க்க வேண்டியிருக்கிறது. ஈரோட்டு மஞ்சள் காட்டிலும், பவானி வாய்க்கால் பாசன வயலிலும், பொள்ளாச்சித் தோப்பிலும் வெறுங்காலோடு நடந்து வேலை செய்தவர் என்றால் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற மண் புழுவைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஈர மண்ணிலிருந்து பாதத் தோல் வழியாக ஏறி, குடலில் ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் தங்கும். அதிக ஸ்டீராய்டு ஏறும்போது பல்கிப் பெருகி நுரையீரல், ரத்தம் என்று பரவும். ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளணு கூடியிருப்பது ஒரு தடயம், ஆனால் ஸ்டீராய்டு ஏற்கெனவே ஏறிவிட்டால் அந்தத் தடயமும் மறைந்துவிடும். கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் கணக்கில் ஐவர்மெக்டின் கொடுத்தால் தீரும் விஷயம் இது. வழக்கமாகப் போடும் ஒற்றை அல்பெண்டசோல் மாத்திரை போதாது.

தடுப்பூசிகளில் நிமோனியாவுக்கும் ஃப்ளூவுக்கும் உள்ளவற்றை ரிட்டுக்சிமாப்புக்கு நான்கு வாரம் முன்பே போட முடிந்தால் நல்லது. தாக்குதல் கடுமையாக இருந்தால் ஊசிக்காக ரிட்டுக்சிமாப்பைத் தள்ளிப்போடக் கூடாது. உயிருள்ள கிருமி ஊசிகள் கூடவே கூடாது. வீட்டில் கைக்குழந்தைக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுத்திருந்தால், சில வாரங்களுக்கு அந்தக் குழந்தையின் மலத்துணியை வேறொருவர் மாற்றட்டும்.

ஏற்றும் நாள்

பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 1000 மி.கி., 14 நாள் கழித்து இன்னொரு 1000 மி.கி. வேறொரு முறை, உடல் பரப்பின் சதுர மீட்டருக்கு 375 மி.கி. வீதம் வாரம் ஒன்று, நான்கு வாரம். இந்தியாவில் 2007 முதலே உள்நாட்டு ரிட்டுக்சிமாப் கிடைக்கிறது, அதனால் அசல் கம்பெனி மருந்துதான் வேண்டும் என்று கடன் வாங்கத் தேவையில்லை. ஒரே பிராண்டைத் தொடர்ந்து, பெயரையும் பேட்ச் எண்ணையும் நோட்டில் குறித்து வையுங்கள்.

வெளியே மருந்துக் கடையில் வாங்கி எடுத்துப்போகச் சொன்னால், குப்பி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். தாராபுரத்திலிருந்தோ சத்தியமங்கலத்திலிருந்தோ சித்திரை வெயிலில் பஸ்ஸில் கோவை வருகிறவர், முந்தின நாளே வாங்கி வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் வைத்து எடுத்து வருவதைவிட, கோவையிலேயே அன்று காலை வாங்குவது உத்தமம். ஐஸ் பெட்டியில் எடுத்துப்போனால் குப்பி ஐஸ் கட்டியைத் தொடாமல் நடுவில் துணியோ அட்டையோ வையுங்கள். உறைந்த மருந்து வீண்.

ஏற்றுவதற்கு அரை மணி நேரம் முன்பு பாராசிட்டமால், அலர்ஜி ஊசி, 100 மி.கி. மெதில்ப்ரெட்னிசோலோன். முதல் முறை மணிக்கு 50 மி.கி. வேகத்தில் தொடங்கி, அரை மணிக்கு ஒருமுறை 50 கூட்டி, அதிகபட்சம் 400. இந்தக் கணக்கில் நாலேகால் மணி நேரம் ஆகும். இடையில் நிறுத்த நேர்ந்தால் மாலையாகிவிடும், கடைசி பஸ்ஸை நம்பி வராதீர்கள். இரண்டாம் முறை 100-ல் தொடங்கலாம். தொண்டை இறுகுவது, நடுக்கம், அரிப்பு வந்தால் உடனே சொல்லுங்கள். வேகத்தைக் குறைத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். ரத்த அழுத்த மாத்திரையை 12 மணி நேரம் முன்பிருந்து நிறுத்தச் சொல்வதுண்டு. அன்று காலை ப்ரெட்னிசோலோன் போடலாமா என்பதையும் சேர்த்து முந்தின நாளே கேட்டுவிடுங்கள்.

முன்மருந்தாக ஏறும் 100 மி.கி. மெதில்ப்ரெட்னிசோலோன், 125 மி.கி. ப்ரெட்னிசோலோனுக்குச் சமம். அடுத்த ஓரிரு நாள் உடம்பு தெம்பாக இருப்பது அதனால்தான். அதை நம்பி மாத்திரையைக் குறைக்காதீர்கள்.

குறைக்கும் அட்டவணை

60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு, கிலோவுக்கு 1 மி.கி. வீதம் தொடங்கிய மாதிரி இது. இரண்டாம் வார முடிவில் முதல் ரிட்டுக்சிமாப், நான்காம் வார முடிவில் இரண்டாவது என்று வைத்துக்கொள்வோம்.

1–4 வாரம்: தினம் 60 மி.கி.
5–6: 50
7–8: 40
9–10: 30
11–12: 25
13–14: 20
15–16: 15
17–18: 12.5
19–22: 10
23–26: 7.5
27–30: 5

படிகள் போகப் போகச் சிறிதாவதைக் கவனியுங்கள். 60-லிருந்து 50 போவது ஆறில் ஒரு பங்கு. 10-லிருந்து 5-க்கு ஒரேயடியாக இறங்கினால் பாதி போய்விடும். மேலே வேகமாகவும் கீழே மெதுவாகவும் இறங்குவது இதனால்தான். 20-க்கு வரும் நேரத்தில் முதல் ரிட்டுக்சிமாப் ஏறிப் பத்து வாரம் கடந்திருக்கும், பி செல்கள் போயிருக்க வேண்டும். அதைச் சோதித்துப் பார்க்காமல் 20-க்குக் கீழே போவது கண்ணை மூடிக்கொண்டு கிணற்றுப் படி இறங்குவது போல. சிடி19 ஒரு சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டதா என்று அந்த வாரத்தில் பாருங்கள். வரவில்லை என்றால் அங்கேயே நின்று மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உங்களுக்கு வந்திருப்பது அக்வாபோரின் அல்ல, மாக் (MOG) என்ற வேறொரு புரதத்துக்கு எதிரான எதிர்பொருள் நோய் என்றால் இந்த அட்டவணை பொருந்தாது. அந்த நோயில் 10 மி.கி.க்குக் கீழே வரும்போதும், நிறுத்திய இரண்டு மாதத்துக்குள்ளும் தாக்குதல் திரும்புவது அதிகம். ரிட்டுக்சிமாப்பும் அதில் இவ்வளவு உறுதியாகக் கை கொடுப்பதில்லை. இன்னும் மெதுவாக இறக்க வேண்டும்.

மாத்திரையைக் காலையில், சாப்பிட்ட பிறகு, 8 மணிக்குள். அட்ரீனல் சுரப்பி உடம்பின் சொந்த ஸ்டீராய்டான கார்டிசாலை இயல்பாகச் சுரக்கும் நேரத்தோடு ஒட்டிப்போனால் ராத்தூக்கம் கெடுவது குறையும். திருப்பூர் பனியன் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் போகிறவருக்கு இது வேறு. தூங்கி எழும் நேரம்தான் அவருக்குக் காலை. ஷிஃப்ட் வாராவாரம் மாறினால், மாறும் நாளில் இரண்டு டோஸுக்கு நடுவே 24 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாத்திரைப் பட்டையில் நடக்கும் பிழைகள்

வைசலோன், ஓம்னாகார்டில் போன்ற பெயர்களில் 5, 10, 20, 40 மி.கி. என்று பல அளவுகளில் பட்டைகள் வருகின்றன, பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். ‘மூன்று மாத்திரை’ என்று வாய்மொழியாக நினைவு வைத்திருப்பவர், கடைக்காரர் 5-க்குப் பதில் 10 கொடுத்தால் இருமடங்கு போட்டுவிடுவார். 10-க்குப் பதில் 5 கொடுத்தால் ஒரே நாளில் பாதியாகக் குறைத்துவிடுவார். எப்போதும் மில்லிகிராமில் பேசுங்கள். முதல் சில மாதம் தாண்டியதும் வீட்டில் 5 மி.கி. பட்டை மட்டுமே வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும். 7.5 என்றால் ஒன்றரை மாத்திரை, 28 நாளுக்கு 42. இப்படி எண்ணி வாங்கி, ஒரு வாரத்துக்குக் கூடுதலாகவும் வைத்திருங்கள். நோம்பி நாளில் கடை திறக்காது.

‘அது ஸ்டாக் இல்லீங்க, இதுவும் அதேதானுங்க’ என்று மெதில்ப்ரெட்னிசோலோனோ டெஃப்லசாகார்ட்டோ கொடுத்தால் எண்ணிக்கை மாறும். ப்ரெட்னிசோலோன் 5 மி.கி.க்கு மெதில்ப்ரெட்னிசோலோன் 4, டெஃப்லசாகார்ட் 6 சமம். மேலே பூச்சு உள்ள மாத்திரையை உடைக்கக் கூடாது. பாதியாக்க வேண்டுமென்றால் நடுவில் கோடு போட்டதை வாங்குங்கள்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. ஸ்டீராய்டு குறையக் குறைய மூட்டும் சதையும் வலிக்கும். அந்த வலிக்கு மருந்துக் கடையில் செட் மாத்திரையோ, பெயரில்லாத மூட்டுவலிப் பொடியோ வாங்கிப் போட்டதும் ‘ஒரே நாளில்’ வலி போய்விடும். டெக்ஸாமெத்தசோனோ பீட்டாமெத்தசோனோ, அதாவது வேறு பெயரில் ஸ்டீராய்டே, கலந்திருந்தால் வேறெப்படி இருக்கும்? டெக்ஸாமெத்தசோன் 0.75 மி.கி. என்பது ப்ரெட்னிசோலோன் 5 மி.கி. காகிதத்தில் குறைந்துகொண்டே வரும், உடம்பில் ஏறிக்கொண்டே இருக்கும். அந்தப் பொடியை நிறுத்தும் அன்று மொத்தமும் சரியும். அதிமதுரமும் இந்தச் சமயத்தில் வேண்டாம், ப்ரெட்னிசோலோனோடு சேர்ந்து பொட்டாசியத்தை இறக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும்.

கை கால் இழுத்துப் பிடிக்கும் வலிக்கு இந்த நோயில் கார்பமாசெபைன் கொடுப்பது வழக்கம், நன்றாகவும் கேட்கும். ஆனால் அது ப்ரெட்னிசோலோனைக் கல்லீரலில் சீக்கிரம் கரைத்துவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அதைவிடப் பலமாகக் கரைக்கும். 15 மி.கி. போட்டாலும் உடம்பு அதைவிடக் குறைவாகவே காணும். இவற்றில் ஒன்றைப் புதிதாகத் தொடங்கும் வாரத்தில் ஸ்டீராய்டைக் குறைக்கும் படியை வைக்காமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

5 மி.கி.க்குக் கீழே

மூன்று நான்கு வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு எடுத்தால் அட்ரீனல் சுரப்பி வேலையை விட்டுவிடும். 5 மி.கி. என்பது சுரப்பி தானே ஒரு நாளைக்குச் சுரக்கும் அளவுக்கு ஏறக்குறையச் சமம். ஆகவே அதற்கு மேல் இருக்கும்வரை சுரப்பி உறங்கினாலும் தெரியாது. கீழே இறங்கும்போதுதான் தெரியும். இங்கே இரண்டு வழி. மாதம் 1 மி.கி. வீதம் குறைப்பது ஒன்று. 1 மி.கி. மாத்திரை எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை என்பதால் ஒரு நாள் 5, ஒரு நாள் 2.5 என்று மாற்றி மாற்றிக் கொடுக்கும் மருத்துவர்களும் உண்டு. மற்றது, காலைக் கார்டிசால் சோதனை. முந்தின நாள் காலை மாத்திரை போட்டு 24 மணி நேரம் கழித்து, 8 மணிக்கு, அன்றைய மாத்திரை போடாமல் ரத்தம் கொடுக்க வேண்டும். மாத்திரையைப் போட்டுவிட்டுக் கொடுத்தால் முடிவைப் பொய்யாக்கும். டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சுரப்பி விழித்துவிட்டது, நிறுத்தலாம். 5-க்கும் 10-க்கும் நடுவே என்றால் அதே அளவில் தொடர்ந்து சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பது. 5-க்குக் கீழ் என்றால் இன்னும் சில மாதம் பொறுக்க வேண்டும்.

‘ஏனுங்க, ரெண்டு நாள் மாத்திரை போடலீங்க, ஒண்ணும் ஆகலீங்களே’ என்பார்கள். மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு வந்தால் ஆகும்.

வாந்தி: இரண்டு எதிரிகள், ஒரே வேடம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை வீட்டில் எல்லோரும் படிக்க வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வோம். ஸ்டீராய்டு குறையும் காலத்தில் விடாத வாந்தி வந்தால் அதற்குப் பித்தம், நேற்றைய கறிக்குழம்பு என்று காரணம் தேடுவது இயல்பு. ஆனால் இந்த நோயாளிக்கு இரண்டு பெரிய காரணங்கள் உண்டு.

ஒன்று, சுரப்பி கைவிட்டது: உடல் தளர்ச்சி, எழுந்தால் கண் இருட்டுவது, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சோடியமும் இறங்குவது, வயிற்று வலி. மற்றது நோயே திரும்பியது: மூளைத் தண்டில் வாந்தி மையம் இருக்கும் இடத்தை எதிர்பொருள் தாக்கினால், வயிற்றில் கோளாறு எதுவும் இல்லாமலே விக்கலும் வாந்தியும் நாட்கணக்கில் நிற்காது. இரண்டிலும் விழுங்கிய மாத்திரை வெளியே வந்துவிடுவதால் நிலைமை மணிக்கணக்கில் கெடும். மாத்திரை போட்டு அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் ஒருமுறை மறுபடி கொடுங்கள். அதுவும் தங்கவில்லை என்றால் காத்திருக்காமல் கிளம்புங்கள், 108-ஐ அழையுங்கள். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியிலேயே 100 மி.கி. ஹைட்ரோகார்டிசோன் ஊசியும் சலைன் டிரிப்பும் போட்டுவிட்டு, பிறகு எம்ஆர்ஐ இருக்கும் இடத்துக்குப் போகலாம். வாந்தி ஊசி மட்டும் போட்டு வீட்டுக்கு அனுப்பினால் சம்மதிக்காதீர்கள்.

அதற்காக ஒரு அட்டை. ஆதார் அளவில், ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம்: நோயின் பெயர், ப்ரெட்னிசோலோன் எவ்வளவு காலமாக, இப்போதைய அளவு, கடைசி ரிட்டுக்சிமாப் தேதி, ‘மயக்கம், வாந்தி, விபத்து, அறுவை என்றால் உடனே ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி.’ பர்ஸில் ஒன்று, வண்டிக் கவரில் ஒன்று. பர்கூர் மலையிலோ ஆனைமலை அடிவாரத்திலோ இருப்பவர், ஹைட்ரோகார்டிசோன் குப்பியையே வீட்டில் வைத்திருப்பது பற்றிக் கேளுங்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அதைப் போட்டுவிட முடியும்.

காய்ச்சல் வந்தால்

10 மி.கி.க்குக் கீழே இருக்கும்போதோ, நிறுத்தி ஓராண்டுக்குள்ளோ காய்ச்சல் வந்தால், காய்ச்சல் இருக்கும் நாட்களுக்குக் காலை 5, மாலை 5 என்று உயர்த்தி, தணிந்த பின் பழைய அளவுக்குத் திரும்புவது பொதுவான விதி. உங்கள் சீட்டில் இதை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். 10-க்கு மேல் இருப்பவர் பெரும்பாலும் கூட்ட வேண்டியதில்லை, ஆனால் ஒரு டோஸும் தவறக்கூடாது. ரிட்டுக்சிமாப் ஏறிய ஒன்று முதல் ஐந்து மாதத்துக்குள் 100.4-க்கு மேல் காய்ச்சல் என்றால் அன்றே ரத்த எண்ணிக்கை. வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் திடீரென்று சரிவது இந்த மருந்தின் தாமதமான பக்கவிளைவு.

20 மி.கி.க்கு மேல் ஒரு மாதத்தைத் தாண்டும் காலம் முழுக்க, ரிட்டுக்சிமாப்பும் ஏறியிருப்பதால், நிமோசிஸ்டிஸ் நிமோனியாவைத் தடுக்கக் கோட்ரைமாக்சசோல் வாரம் மூன்று நாள் தருவார்கள். சல்ஃபா அலர்ஜி இருந்தால் முன்பே சொல்லுங்கள். வறட்டு இருமலும், நாலடி நடந்தால் மூச்சு வாங்குவதும் இருந்தால் ‘பஞ்சு ஆலை தூசி’ என்று விட்டுவிடாதீர்கள்.

சர்க்கரை, எலும்பு, மனசு

காலையில் போட்ட ஸ்டீராய்டு சர்க்கரையை மத்தியானத்துக்கு மேல்தான் ஏற்றும். வெறும் வயிற்றில் 98 காட்டும், மாலை 4 மணிக்கு 290 இருக்கும். அதனால் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்கள். ஏற்றத்தை விட இறக்கத்தில்தான் விபத்து. ஸ்டீராய்டைக் குறைத்துவிட்டு, அதற்காகக் கூட்டிய இன்சுலினையோ கிளிமெபிரைடையோ அப்படியே விட்டால் ராத்திரி சர்க்கரை தாழ்ந்து வேர்த்து மயங்குவார்கள். ஒவ்வொரு படி இறங்கும்போதும் சர்க்கரை மருத்துவருக்கும் தகவல் போக வேண்டும்.

எலும்புக்கு உணவோடு சேர்த்து நாளைக்கு 1000 முதல் 1200 மி.கி. கால்சியம், வைட்டமின் டி. ராகியில் 100 கிராமுக்குச் சுமார் 350 மி.கி. கால்சியம் இருக்கிறது, களியும் மோரும் இந்த நேரத்தில் நல்ல சாப்பாடு. மூன்று மாதத்துக்கு மேல் போனால் எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன், தேவைப்பட்டால் வாரம் ஒருமுறை அலெண்ட்ரோனேட் 70 மி.கி. இடுப்பு மடிப்பில் வலி எடுத்து நடை கோணினால் எம்ஆர்ஐ கேளுங்கள். தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் சாவது எக்ஸ்ரேயில் தொடக்கத்தில் தெரியாது. கண் அழுத்தத்தைச் சோதிப்பது கட்டாயம். ஏற்கெனவே நரம்பு அடிபட்ட கண்ணுக்கு அழுத்தமும் கூடினால் தாங்காது.

60 மி.கி.யில் தூக்கமில்லாமல் சள்ளென்று விழுவதும், 10-க்குக் கீழே வரும்போது பேச்சே இல்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதும் மருந்தின் வேலையாக இருக்கலாம். வீட்டார் கோபித்துக்கொள்ளாமல், தேதியோடு எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் அன்றே போங்கள்.

திரும்பியதா, சூடா?

ஏப்ரல் மே மாதத்தில் கரூரிலும் ஈரோட்டிலும் வெயிலில் போய்வந்தால் பழைய மரப்பு மறுபடி தலைகாட்டும், பார்வை மங்கும். நிழலில் ஈரத்துணி போட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் சரியானால் அது சூடு. சிறுநீர்த் தொற்று, காய்ச்சல் ஆகியவையும் இப்படியே ஏமாற்றும். புதிய அறிகுறியோ, பழையது கூடியதோ 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் அது தாக்குதல் என்றே எண்ணிக் கிளம்புங்கள். கண்ணை அசைத்தால் வலி, சிவப்பு நிறம் வெளிறுவது, வயிற்றைச் சுற்றிக் கயிறு கட்டியது போன்ற இறுக்கம், சிறுநீர் அடைப்பது என்றால் 24 மணி நேரமும் காக்க வேண்டாம். தாக்குதல் உறுதியானால் 1 கிராம் மெதில்ப்ரெட்னிசோலோன் மூன்று முதல் ஐந்து நாள், கேட்கவில்லை என்றால் தாமதிக்காமல் பிளாஸ்மா மாற்று. வீட்டிலேயே மாத்திரையை இரண்டு மூன்றாகக் கூட்டிப் பார்த்துக் காலம் கடத்துவது கண்ணையோ காலையோ விலையாகக் கேட்கும்.

அடுத்த சுற்று

மேலே உள்ள அட்டவணைக்கு ஒருமுறை திரும்புங்கள். 26, 27-ஆம் வாரத்தில் மாத்திரை 7.5-லிருந்து 5-க்கு இறங்குகிறது. முதல் ரிட்டுக்சிமாப் ஏறி ஆறு மாதம் ஆவதும் அப்போதுதான், துடைத்த பி செல்கள் துளிர்ப்பதும் அதே நேரம்தான். இரண்டு பாதுகாப்பும் ஒரே வாரத்தில் மெலிகின்றன. மாத்திரை இவ்வளவு குறைந்தும் நன்றாக இருக்கிறோம், அறுவடை முடியட்டும், கல்யாணம் முடியட்டும், காப்பீட்டு அனுமதி வரட்டும் என்று அடுத்த சுற்று ஒன்றரை மாதம் தள்ளிப்போவது இந்த இடத்தில்தான்.

ஐந்தாம் மாத முடிவிலேயே சிடி19 பார்த்துவிடுங்கள், வசதி இருந்தால் சிடி27 நினைவு பி செல்களும். எண்ணிக்கை எழுந்திருந்தால் ஆறு மாதம் ஆகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் முயல்கிறவர்கள் ஆஸ்பத்திரிக் காப்பீட்டுக் கவுன்டரில் தேதிக்கு ஒரு மாதம் முன்பே பேசி, என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டு வையுங்கள். அனுமதி தாமதமானால் அந்தச் செய்தி உடனே நரம்பியல் மருத்துவருக்குப் போக வேண்டும். இரண்டாம் சுற்று ஏறும்வரை மாத்திரையை 7.5-லேயே நிறுத்தி வைப்பதா, 10-க்கு உயர்த்துவதா என்று அவர்தான் முடிவு செய்ய முடியும். 5-க்கு இறங்க வேண்டிய திங்கள்கிழமைக்குள் அவரிடம் பேசிவிடுங்கள்.